பெயிண்ட் டப்பாவைக் கடைசியாகத் திறங்கள்

ஆந்திரத்தின் குப்பம், குடுபல்லி பக்கத்துக் கிராமங்களில் மாட்டுக் கொட்டகைச் சுவரோரம் பழைய சைக்கிள் ஒன்று சாய்ந்து கிடக்கும். ஒரு காலத்தில் பால் கேன் சுமந்த வண்டி. துருவைச் சுரண்டி, பெயிண்ட் அடித்து ஓட்டலாமே என்று வீட்டில் யாருக்காவது ஆசை வரும். நல்ல ஆசைதான். ஆனால் ஆசை வந்த அன்றே பெயிண்ட் கடைக்கு ஓடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் வண்டி கெடுகிறது.

முதலில் அது என்ன வண்டி என்று பாருங்கள். 1949-இல் முருகப்பா குழுமம் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸாக இருக்கலாம். அசன்சோலிலிருந்து வந்த ராலேயாகவும் இருக்கலாம். ஹேண்டிலுக்குக் கீழே உலோகச் சின்னம் இருக்கும். சட்டத்தில், பெரும்பாலும் சீட்டுக்கு அடியில், எண் பொறித்திருக்கும். இரண்டையும் பட்டி பூசி மூடிவிடாதீர்கள். கறுப்பின் மேல் தங்கக் கோடு இன்னும் தெரிகிறதா? சோப்புத் தண்ணீரில் துடைத்து, மெழுகு தேய்த்து, அப்படியே விட்டுவிடுங்கள். தொழிற்சாலை அடுப்பில் சுட்டெடுத்த எனாமல் அது. வீட்டுப் பிரஷில் அந்த மினுக்கு வராது. பாதி பெயிண்ட் மிச்சமிருந்தாலும் புதிதாக அடிக்க வேண்டாம் என்பதே என் கட்சி.

அடுத்து, கழற்றுவது. புதியவர்களைச் சோதிப்பது கிராங்கைப் பிடித்திருக்கும் காட்டர் பின். நட்டை முழுக்க எடுத்துவிட்டு சுத்தியலால் அடித்தால் மரை நசுங்கிவிடும். முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். நட்டைத் தளர்த்தி, பின்னின் நுனிக்குச் சமமாக நிறுத்துங்கள். கிராங்குக்கு அடியில் இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, ஓங்கி ஒரே அடி. தயங்கித் தயங்கித் தட்டினால் பின் வளையுமே தவிர வராது. இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். கிராங்க் கப்புக்குள் கால் அங்குல பால்ஸ் பக்கத்துக்கு 11 இருக்கும். விலை அதிகமில்லை, புதிதாகவே போட்டுவிடுங்கள்.

சட்டம் முழுக்கத் துருவாகிவிட்டதா? அப்படியானால் பெயிண்ட் அடிக்கத்தான் வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு வரம்பு கட்டிய விதியே நம் நாட்டில் 2017-இல்தான் அமலுக்கு வந்தது. அதனால் தூசி பறக்கத் தேய்க்காதீர்கள். வாட்டர் பேப்பரை நனைத்துத் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள், குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள். தேய்த்த அன்றே நன்றாகக் காயவைத்து ரெட் ஆக்சைடு பிரைமர் பூசிவிடுங்கள். வெற்று இரும்பு ஒரே இரவுப் பனியில் துருப்பிடிக்கும். அதன்மேல் எனாமல், மெல்லிசாக மூன்று பூச்சு. மரைகளில் பெயிண்ட் இறங்காமல் காகிதம் சுற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையே வேண்டாம். ஈரக்காற்றில் பெயிண்ட் மங்கிவிடும்.

நிறம்? குடுபல்லி குப்பம் தொகுதிக்குள் இருக்கிறது. 1989 முதல் சந்திரபாபு நாயுடுவின் தொகுதி. அவர் கட்சிக்குச் சின்னமே சைக்கிள், கொடி மஞ்சள். மஞ்சள் அடித்தால் தேர்தல் சமயத்தில் வண்டியை ஊர்வலத்துக்குக் கேட்பார்கள். கறுப்பு வசதி.

பெயிண்ட் தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உடனே மட்கார்டை முடுக்கிவிடாதீர்கள். உள்ளே இன்னும் இளகியிருக்கும், நட்டு பதிந்த தடம் அப்படியே நிற்கும். ஒரு வாரம் விடுங்கள். அதற்குள் ரிம்மைக் கடையில் கொடுத்துக் கோட்டம் எடுத்து வாங்கிவிடலாம்.