காரட் துருவி: வாங்குவதும் வைத்துப் புழங்குவதும்



இன்று பேச வந்தது ஊசியைப் பற்றியோ மாத்திரையைப் பற்றியோ அல்ல, காரட் துருவியைப் பற்றி. "இதைச் சொல்றதுக்கா ஹெல்த் ஆபீஸிலேர்ந்து வரணும்?" என்று பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள், பரவாயில்லை. வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் மட்டும் காதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் கொடுங்கள்.

காரட்டை வட்டம் வட்டமாக நறுக்கி, "சமத்தா தின்னு" என்று குழந்தை கையில் கொடுக்கிறோம். கடைவாய்ப் பற்கள் சரியாக வராத குழந்தையால் அதை அரைத்து விழுங்க முடியாது. ஓடிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் தின்னும்போது கெட்டியான துண்டு மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்ளலாம். மூச்சு முழுவதும் அடைபட்டால் சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து. ஆகவே காரட்டோ, ஆப்பிளோ, தேங்காய்ச் சில்லோ, சிறு குழந்தைக்குத் துருவியோ வேக வைத்தோதான் கொடுக்க வேண்டும். உட்கார வைத்துக் கொடுக்க வேண்டும். ஆறு மாதம் முடிந்து இணை உணவு தொடங்கும் குழந்தைக்குப் பச்சையாகத் துருவியதும் கூடாது. துருவலைப் பருப்புச் சாதத்தோடு குழைய வேக வைத்து, மசித்து, ஒரு சிறு கரண்டி நெய்யோ எண்ணெயோ விட்டு ஊட்டுங்கள்.

எண்ணெய் எதற்கு? காரட்டில் இருப்பது கரோட்டீன். அதை உடம்பு வைட்டமின் 'ஏ' ஆக மாற்றிக்கொள்கிறது. மாலைக்கண் வராமல் காப்பது அதுதான். கொழுப்புச் சத்து சேர்ந்தால்தான் கரோட்டீன் நன்றாக உடம்பில் ஒட்டும். துருவும்போது காயின் நுண்ணறைகள் உடைவதால் சத்து வெளிப்படுவதும் சுலபம். காரட்தான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். கொல்லையில் முருங்கை நின்றால் அந்தக் கீரையிலும் கரோட்டீன் உண்டு, துருவியும் வேண்டாம், காசும் வேண்டாம்! பரங்கிக்காயும் நன்றாகத் துருவ வரும்.

சரி, துருவி வாங்கப் போகிறீர்கள். தாம்பரம் மார்க்கெட் பக்கத்துப் பாத்திரக் கடையோ, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையோ, எங்கே வாங்கினாலும் கையில் எடுத்துப் பாருங்கள். பெட்டி போல் நாலு பக்கமும் துளையுள்ளதுதான் சௌகரியம். பெரிய துளை பொரியலுக்கு, சிறிய துளை குழந்தைச் சாப்பாட்டுக்கு, முள் முள்ளாக இருக்கும் பக்கம் இஞ்சிக்கு, நீளக் கீற்றுப் போல் திறந்த பக்கம் வெள்ளரிக்காய் சீவ. மேஜை மேல் நிறுத்தி மேலிருந்து அழுத்துங்கள். ஆடினாலோ நெளிந்தாலோ வேண்டாம். பிடி அசையக் கூடாது. அடிவிளிம்பு மடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே கையைக் கிழிக்கும். எவர்சில்வர் நல்லது. முலாம் பூசிய தகரத் துருவி விலை மலிவு, ஆனால் முலாம் தேய்ந்த இடத்தில் துரு ஏறும். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற வீடுகளில் இன்னும் சீக்கிரம் ஏறும். "காந்தம் ஒட்டினா மட்டம், ஒட்டலேன்னா ஒசத்தி" என்று கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம். ஒட்டுகிற எவர்சில்வரிலும் நல்லது உண்டு, ஒட்டாததிலும் துருப்பிடிப்பது உண்டு. சந்தையில் பழைய துருவி கிடைத்தால், பல் மழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கூர் உள்ளதுதான் பயம் என்று நினைக்கிறோம். உண்மையில் மழுங்கியதில்தான் பலங்கொண்டு அழுத்துகிறோம், கை வழுக்குகிறது.

விரல் எப்போது சீவப்படுகிறது? கடைசி ஒரு அங்குலத்தில். "வீணாப் போகுதே" என்று நுனி வரை தேய்க்கும்போதுதான். அந்தத் துண்டைச் சாம்பாரில் போட்டுவிடுங்கள், தீர்ந்தது. காரட்டின் காம்புப் பக்கத்தைக் கழுவிவிட்டு நறுக்காமல் வைத்துக்கொண்டால் அதுவே நல்ல பிடி. மெல்லிய நுனியிலிருந்து துருவிக்கொண்டு வாருங்கள். துருவிக்குக் கீழே ஈரத் துணி ஒன்றைப் போட்டால் நகராது. மேலிருந்து கீழாக மட்டும் அழுத்துங்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு துருவவே வேண்டாம்.

அப்படியும் வெட்டிக்கொண்டால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். காப்பித் தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். ரண ஜன்னிக் கிருமி துருவிலிருந்து பிறப்பதில்லை. அது மண்ணிலும் சாணத்திலும் இருப்பது. ஆகவே பளபளக்கும் துருவியில் வெட்டினாலும் அலட்சியம் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, தடுப்பூசி தேவையா என்று கேளுங்கள். ரத்தம் பட்ட துருவலைக் கொட்டிவிடுங்கள்.

விடியற்காலை மின்சார ரயில் பிடிக்கிற பெண்கள், "ராத்திரியே துருவி வைக்கலாமா?" என்று கேட்கிறார்கள். காரட்டென்றால் மூடி போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துக் காலையில் சமைக்கலாம். கரோட்டீன் ஓர் இரவில் ஓடிவிடாது. நெல்லிக்காய், கோஸ் அப்படியில்லை, வைட்டமின் 'சி' காற்றுப் பட்டே குறையும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில், நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்குத் தேங்காய்த் துருவலை ஒரு வேளைக்கு மேல் வைக்க வேண்டாம்.

பெரியவர்களுக்குக் கோசுமரி செய்யுங்கள். ஊறிய பயத்தம்பருப்பு, காரட் துருவல், தேங்காய், கடுகு தாளித்த எண்ணெய், எலுமிச்சம்பழச் சாறு. பருப்பிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர அந்தச் சாறு உதவும். கர்ப்பிணிகள் பீட்ரூட்டைத் துருவிச் சாப்பிடலாம், நல்லதுதான்; ஆனால் அது சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறிவிடும் என்று நம்பி இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

துருவியை வேலை முடிந்த கையோடு கழுவுங்கள். காய்ந்தால் துளைக்குள் ஒட்டிக்கொள்ளும், ஈ மொய்க்கும், கிருமி வளரும். பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொண்டு, உள்பக்கமிருந்து தேயுங்கள். வெயிலில் காய வைத்து, குழந்தைக்கு எட்டாத ஆணியில் மாட்டுங்கள்.