பரிசும் பிரம்பும்



கிறிஸ்தவப் பாடசாலையொன்றின் ஆரம்ப வகுப்புகளிலே சிறுவரை நன்னடத்தையில் ஊக்குவது எங்ஙனம் என்பது இன்றைய பேச்சின் பொருள். இதனைப் பற்றிப் பொதுப்படப் பேசுதல் எளிது. அன்பு வேண்டும், பொறுமை வேண்டும், ஆசிரியரின் முன்மாதிரி வேண்டும் என்றால் மறுப்பார் எவருமிலர். ஆனால், ஐம்பது அறுபது பிள்ளைகள் ஓர் அறையிற் கூடியிருக்க, காலை மணி அடித்ததும் ஆசிரியர் செய்யவேண்டியது யாது? இவ்வினாவுக்கு மிக நுணுக்கமாக விடை வகுத்தவர் ஒருவர் பிரான்சு தேசத்தில் வாழ்ந்தார்.

ஜோன் பப்ரிஸ்ட் டி லா சால் என்பார் 1651 ஆம் ஆண்டில் றீம்ஸ் நகரத்துச் செல்வக் குடியொன்றிற் பிறந்தவர், குருப்பட்டம் பெற்றவர், பேராலயத்தில் வருவாயுள்ள பதவியொன்றையும் வகித்தவர். 1679 இல் ஏழைச் சிறுவருக்கான இலவசப் பாடசாலைகளைத் தொடங்க உதவப் புகுந்தார். உதவி என்று தொடங்கியது அவருடைய வாழ்வையே பற்றிக்கொண்டது. பயிற்சியற்ற வறிய ஆசிரியர்களைத் தம் வீட்டிலேயே சேர்த்துக்கொண்டார். இது உறவினருக்குப் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! 1683 இல் அப்பதவியையும் துறந்தார். அவ்வாசிரியர்களே பின்னர் கிறிஸ்தவப் பாடசாலைகளின் சகோதரர் என்னும் சபையாயினர். அவர்கள் வழிவந்தோர் இலங்கைக்கும் வந்து கற்பித்தனர். 1950 ஆம் ஆண்டில் திருச்சபை லா சாலை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தது.

அவரும் சகோதரரும் தம் அனுபவங்களைத் திரட்டிப் பாடசாலை நடத்தும் முறைபற்றி ஒரு கைந்நூல் எழுதினர். 1706 அளவிற் கையெழுத்துப் பிரதியாக இருந்த அந்நூல், அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1720 இல் அச்சேறியது. அதைப் பெருந்தத்துவ நூலென்று எண்ணிவிடலாகாது. கூட்டுவது யார், திறப்பை வைத்திருப்பது யார், பிள்ளை எவ்வாறு பாண் உண்ணவேண்டும் என்பன போன்ற சிறு காரியங்களே அதில் நிறைந்துள்ளன. அதன் சிறப்பும் அதுவே. இலத்தீனில் வாசிப்புத் தொடங்குவது வழக்கமாயிருந்த அக்காலத்தில், இப்பாடசாலைகளிற் பிள்ளைகள் தம் தாய்மொழியில் வாசிக்கத் தொடங்கினர். விளங்காத மொழியின்முன் இருத்தப்பட்ட சிறுவன் குழப்படி செய்வதில் வியப்பென்ன?

பரிசுகளைப் பற்றிய விதி சிந்திக்கத்தக்கது. பரிசுகள் மூவகை: பக்திக்கு ஒன்று, திறமைக்கு ஒன்று, தவறாத வரவுக்கும் முயற்சிக்கும் ஒன்று. படங்கள், சிறு புத்தகங்கள் போன்ற எளிய பொருள்களே பரிசாயின. ஆயினும் அவற்றுக்குள் ஒரு வரிசை உண்டு. பக்திக்குரியது யாவற்றினும் சிறந்ததாயிருக்க வேண்டும். கிறிஸ்தவப் பாடசாலையில் அஃது இயல்பே. அடுத்த இடம் திறமைக்கு அன்று, முயற்சிக்கு! கெட்டிக்காரனுக்குக் கொடுப்பது கடைசி இடமே.

நமது பரிசளிப்பு விழாக்களை இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கலாம். ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையில் உயர்ந்த புள்ளி பெற்ற பிள்ளைக்கு மாலை. படத்தோடு பெரிய பதாகை. மழையிலும் வெயிலிலும் இரண்டு மைல் நடந்து ஒரு நாளும் தவறாது வந்த பிள்ளை கைதட்டுபவர்களுள் ஒருவனாக இருக்கிறான். திறமை எல்லோருக்கும் ஒருபடித்தாய் வாய்ப்பதில்லை. முயற்சியோ எப்பிள்ளையின் கைக்கும் எட்டுவது. எட்டாத பரிசு எவனையும் ஊக்காது. எட்டாதென்று கண்டுகொண்ட சிறுவன் வேறு வகையிற் பெயரெடுக்க முற்படுவான்.

இனிப் பிரம்பு. அந்நூலில் அடியும் உண்டு. இதனை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. இலங்கையில் உடற்றண்டனையைத் தடுத்துக் கல்வி அமைச்சு 2005 இற் சுற்றறிக்கை விடுத்தது; அவ்வகையில் அந்நூல் இன்று நமக்கு வழிகாட்டியாகாது. ஆனால், அடி இயல்பென்று உலகம் கருதிய காலத்திலே லா சால் அதற்கு இட்ட வேலிகளை நோக்குக. சினங்கொண்ட வேளையில் தண்டித்தலாகாது. கன்னத்தில் அறைதலும் காலால் உதைத்தலும் கூடா. இழிபெயர் சொல்லி அழைத்தலும் ஆகாது. வகுப்பில் ஒழுங்கை நிலைநாட்டுவன ஆசிரியரின் மௌனம், விழிப்பு, தன்னடக்கம் ஆகியவையே என்பது அவர் கொள்கை. அதனாற்றான் சகோதரர் கத்துவதை விடுத்து, கையடக்கமான சிறு கருவியொன்றின் ஒலியாலும் சைகையாலும் வகுப்பை நடத்தினர். இழிபெயர் பற்றிய விதிக்கு மட்டும் இன்றும் வேலை மிகுதி. பிரம்பை வைத்துவிட்ட சிலர் நாவை வைத்துவிடவில்லை.

தண்டனையோடு மாணாக்கருக்குரிய பொறுப்புகளையும் அந்நூல் கூறுகிறது. செபஞ் சொல்லிக் கொடுப்பவன் ஒருவன். தாள்களைப் பங்கிடுபவன் ஒருவன். வாயில் காப்பவன், கூட்டுபவன், திறப்பு வைத்திருப்பவன் என இவ்வாறு பலர். ஆசிரியர் இல்லாத வேளையிற் பிறரைக் கவனித்துச் சொல்ல ஒருவனும், அவனைக் கவனிக்க வேறிருவரும் இருந்தனர். இந்த ஒன்று ஏற்கத்தக்கதன்று. கோள் சொல்லப் பழகிய பிள்ளை நல்ல பிள்ளையாவதில்லை. ஏனைய பொறுப்புகளோ வேறு வகையின. திறப்பைக் கையில் வாங்கிய சிறுவன் பிந்தி வர வெட்கப்படுவான்.

காலையில் பிள்ளைகள் கொண்டுவந்த உணவைப் பாடசாலையிலேயே உண்டனர். மிகுதியாக வைத்திருப்பவன் ஒரு துண்டுப் பாணைக் கூடையில் இடுவான்; அதற்கென நியமிக்கப்பட்ட மாணாக்கன் இல்லாதவர்க்குப் பங்கிடுவான். அயலானை நேசி என்னும் கட்டளையைக் கரும்பலகையில் எழுதி மனனஞ் செய்வித்தல் ஒரு வழி. கூடையை வரிசையாகச் சுற்றி அனுப்புதல் மற்றொரு வழி.

வராத பிள்ளைகளை நாடிச் செல்லும் மாணாக்கரும் இருந்தனர். குறிப்பிட்ட தெருக்கள் அவரவர்க்கு ஒதுக்கப்பட்டன. ஒருவன் வராவிடின், அவன் தெருவுக்குரிய தோழன் வீட்டிற்குச் சென்று விசாரிப்பான். நோயாயின் ஆறுதல் கூறுவான். திரும்பிவந்து ஆசிரியருக்கு அறிவிப்பான். வரவின்மைக்கான காரணங்களை அந்நூல் ஒவ்வொன்றாக ஆராய்கிறது. பிள்ளையின் விளையாட்டுப் புத்தி, பெற்றோரின் அசட்டை, வறுமை ஆகியவற்றோடு மற்றொரு காரணத்தையும் அது சேர்க்கிறது: ஆசிரியர்மேற் பிள்ளைக்குப் பற்றில்லாமை. அக்குறைக்குப் பரிகாரம் தேடவேண்டியவன் பிள்ளையல்லன். ஆசிரியரே தம் முகத்தையும் பேச்சையும் திருத்திக்கொள்ள வேண்டும் என்கிறது. வரவு இடாப்பில் அடிக்கடி விடுபடும் பெயர்களுக்கு எதிரே, நம் பாடசாலைகளில் இக்காரணம் எத்தனை முறை எழுதப்பட்டிருக்கும்?