தபால்காரர் பையில் யாருடைய சரக்கு?

(ஆங் மோ கியோவில் நிகழ்த்திய உரை)



நாம் இன்று கூடியிருக்கும் இந்த ஆங் மோ கியோவும் ஒரு காலத்தில் பால்மரம் நின்ற பூமிதான். 1973இல்தான் இங்கே அடுக்குவீட்டு நகரம் எழும்பத் தொடங்கியது. தோட்டத்திலே கடுதாசி ஆபீசுக்கு வரும். கிராணி கூப்பிட்டுக் கொடுப்பார். இங்கே ஒவ்வொரு புளோக்கின் கீழும் கடிதப் பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. பெட்டி நம்முடையது, சாவியும் நம்முடையது. ஆயினும் திறந்தவுடன் கையில் விழுவது என்ன? பீட்சாக் கடை நோட்டீசு, வீட்டுத் தரகர் நோட்டீசு, டியூஷன் நோட்டீசு! அவற்றின் இடுக்கிலே ஆஸ்பத்திரிக் கடிதமும் சேமநிதிக் கணக்கும் அகப்பட்டால் நம் அதிர்ஷ்டம். குப்பைத் தாளோடு அதையும் சேர்த்து வீசிவிட்டு, வைத்தியரைப் பார்க்கும் நாளைத் தவறவிட்டவர் கதை உங்களுக்குத் தெரியாததல்ல.

2019 ஜனவரியில் இதே ஆங் மோ கியோவில், ஒரு தனியார் குடியிருப்பின் குப்பைத் தொட்டியில் கடிதங்களும் விளம்பரத் தபால்களும் கிடந்தன. படம் பரவிற்று, தபால்காரர் ஒருவர் கைதானார். பிறருடைய கடுதாசியைக் குப்பையில் போடுவது குற்றமே. அதை நாம் மூடி மறைக்க வரவில்லை. ஓர் ஏழையின் வேலை உத்தரவு அதிலே இருந்திருந்தால்? ஆனால், ஒருவர் கைதானதோடு கணக்கு தீர்ந்துவிட்டதா என்றுதான் கேட்கிறோம்.

அடுத்த மாதமே தகவல், தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் சிங்போஸ்ட் நிறுவனத்துக்கு 100,000 வெள்ளி அபராதம் விதித்தது. 2017இல் கடிதங்களை உரிய காலத்தில் சேர்க்கவில்லை என்பது காரணம். நகர மையத்துக்கு வெளியே, உள்ளூர்க் கடிதங்களில் நூற்றுக்கு 98 மறு வேலைநாளே சேர வேண்டும் என்பது அன்றைய விதி. நிறுவனம் என்ன சொல்லிற்று? மேலும் 100 தபால்காரர்களைச் சேர்ப்போம், ஊக்கத்தொகை கொடுப்போம், விளம்பரத் தாள் வேலையைக் குறைப்போம் என்றது. மருந்தைப் பார்த்தாலே நோய் தெரியவில்லையா? ஆள் போதவில்லை, கூலி போதவில்லை, பையிலே வேண்டாத சரக்கு! கடிதம் குறைந்துவிட்டது என்கிறார்கள். உண்மைதான், ஆனால் இணையத்தில் வாங்கும் பொட்டலங்கள் பெருகிவிட்டனவே!

மரம் வெட்டுகிற நமக்கு ஆளுக்கு இத்தனை மரம் என்று கணக்கு உண்டு. கூட்டினால் சங்கம் கேட்கும். தபால்காரருக்கு ஏற்றிய நோட்டீசுக் கட்டை யார் எண்ணிப் பார்த்தார்கள்?

1952 மே மாதத்தில் சிங்கப்பூர்த் தபால்காரர்கள் சுமார் 500 பேர் சம்பள உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்கள் சங்கத்தின் சட்ட ஆலோசகர், அன்று இளம் வழக்கறிஞராயிருந்த லீ குவான் யூ. சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட் பத்திரிகையில் அவர்களுக்காக எழுதியவர் ராஜரத்தினம். அவர் தந்தையார் சிரம்பானில் ரப்பர் தோட்டத்தை மேற்பார்த்தவர் என்பதை நாம் மறக்கலாமா? கடுதாசி வராமல் தவித்த பொதுமக்களும் அன்று தபால்காரர் மீது அனுதாபமே காட்டினார்கள்.

இனி, நம் கையில் உள்ளதைச் சொல்லுவோம். நோட்டீசு நுழையாதபடி பெட்டியின் வாயை அடைக்கும் தகடு பல புளோக்குகளில் உண்டு. அடைத்து வையுங்கள். தபால்காரர் பொதுச் சாவியால் முன்கதவைத் திறந்து போடுவதால் கடிதம் தடைபடாது. வழியே போகிற நோட்டீசுக்காரர் கைதான் நுழையாது. ஆனால் தபால் நிறுவனத்துக்கே காசு கட்டி அனுப்பும் விளம்பரத்தை அந்தத் தகடு தடுக்காது. அது தபால்காரர் தோளில் ஏறித்தான் வரும். ஆகவே கடிதம் தாமதமானால் புளோக்கின் கீழே அவரை மறித்துச் சத்தம் போடாதீர்கள். தேதியையும் புளோக் எண்ணையும் குறித்து நிறுவனத்துக்கு எழுதுங்கள்; ஆணையத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். ஒரு தபால்காரர் ஒரு நாளில் எத்தனை பெட்டி பார்க்கிறார், அவர் பையில் விளம்பரம் எவ்வளவு என்ற கேள்வியையும் அதிலேயே எழுதிக் கேளுங்கள்.