வெட்கம் யாருக்கு உரியது?

(வெலிமடையில் ஆசிரியர்களும் சட்டத்தரணிகளும் வைத்தியர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



நம் மேடைகளில் சம்பளத்தைப் பற்றிப் பேசியிருக்கிறோம். காணியுரிமை, வீட்டுரிமை, வாக்குரிமை பற்றித் தொண்டை வற்றப் பேசியிருக்கிறோம். கிழங்கின் விலை விழுந்தபோதெல்லாம் அரசாங்கத்தின் காதில் விழும்படி பேசியிருக்கிறோம். ஆனால் நம் பெண்ணொருத்தி கொழுந்து மலையிலோ, பாடசாலைக்குச் செல்லும் பாதையிலோ, வீட்டு வேலைக்குப் போன இடத்திலோ, ஏன், தான் பிறந்த லயத்திலேயோ பாலியல் வன்முறைக்கு ஆளானால், அந்தச் செய்தியை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு காதோடு காதாகப் பேசுகிறோம். கேட்டால், குடும்ப மானம் என்கிறோம்.

யாருடைய மானம் போயிற்று? வீட்டில் திருடன் புகுந்தால், பொருளைப் பறிகொடுத்தவனா வெட்கப்படுகிறான்? வழியில் போவோனை ஒருவன் வெட்டினால், வெட்டுப்பட்டவனையா ஊர் ஒதுக்கி வைக்கிறது? இந்த ஒரு குற்றத்தில் மட்டும், செய்தவன் தலைநிமிர்ந்து நடக்கிறான். செய்யப்பட்டவள் தலைகுனிந்து நடக்கிறாள். இந்தத் தலைகீழ் நியாயத்தை அறிவின் துணைகொண்டு நிமிர்த்த வேண்டும் என்பதே இன்று நான் சொல்ல வந்தது. அதற்குப் பல்கலைக்கழகங்களில் உளவியல் ஆராய்ச்சி செய்வோர் அரை நூற்றாண்டாகத் தேடிச் சேர்த்த உண்மைகள் நமக்குக் கைகொடுக்கின்றன.

மௌனத்தின் அளவு

இது எங்கோ ஓரிடத்தில் என்றோ நிகழ்வது என்று எண்ணிவிடாதீர்கள். 2019ஆம் ஆண்டில் நம் நாட்டின் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் பெண்களின் நலன்பற்றி நாடளாவிய ஆய்வொன்றை நடத்தியது. 15 வயதுக்குப் பின் உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ அனுபவித்தோர் நால்வரில் ஒருவர் என்று அது கண்டது. துணைவனின் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் முறையான உதவி எதையும் நாடவில்லை. வெட்கம், பழிச்சொல்லுக்கு அஞ்சுதல், நம்பமாட்டார்கள் என்ற ஐயம் இவையே அவர்கள் கூறிய காரணங்கள்.

இங்கே கிழங்கு பயிரிடும் விவசாயப் பெருமக்கள் அமர்ந்திருக்கிறீர்கள். ஒரு பாத்தியில் கருகல் நோய் விழுந்தால் என்ன செய்வீர்கள்? வெளியே தெரிந்தால் வெட்கம் என்று சாக்குப் போட்டு மூடி வைப்பீர்களா? மூடி வைத்தால் அடுத்த மழைக்குள் பக்கத்துப் பாத்தியும் கருகும், பக்கத்துத் தோட்டமும் கருகும். பயிருக்குள்ள நியாயம் நாம் பெற்ற பிள்ளைகளுக்கு இல்லையா?

அழாதவள் பொய் சொல்கிறாளா?

"அவ்வளவு நடந்தவள் அழவே இல்லையே!" "கூச்சலிட்டிருக்கலாமே!" "உடம்பில் ஒரு கீறல்கூட இல்லையே!" நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் எழும் கேள்விகள் இவை. கல்வியாளர் இவற்றுக்குத் தந்த விடையைக் கேளுங்கள்.

ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், ஆன் பர்ஜெஸ் என்னும் தாதியர் துறைப் பேராசிரியையும் லிண்டா ஹோல்ம்ஸ்ட்ரோம் என்னும் சமூகவியல் பேராசிரியையும், நகரப் பொது வைத்தியசாலைக்கு இத்தகைய துன்பத்தோடு வந்தவர்களை ஓராண்டு முழுவதும் இரவு பகல் பாராது சென்று கண்டனர். 146 பேரைக் கண்டு, 1974இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். சிலர் அழுதனர், நடுங்கினர். அவர்களுக்கு ஏறக்குறைய இணையான எண்ணிக்கையினர் எதுவும் நடவாததுபோல் அமைதியாக அமர்ந்திருந்தனர். அந்த அமைதியும் காயத்தின் அடையாளமே என்று அவ்விருவரும் எழுதினர். உறக்கமின்மை, கெட்ட கனவு, தனிமையில் அச்சம், கூட்டத்தில் அச்சம் ஆகியவை வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தொடர்வதையும் பதிவு செய்தனர்.

சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில், வன்முறைக்கு ஆளாகி அவசர சிகிச்சைக்கு வந்த 298 பெண்களை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவு இன்னும் தெளிவானது. அவர்களில் நூற்றுக்கு 70 பேருக்குத் தாக்குதல் நேரத்தில் கைகால் விறைத்து, குரல் அடங்கி, உடல் செயலற்றுப் போயிருந்தது. புலியின் முன் மான் மரத்து நிற்பதைப் போன்ற உடலின் இயல்பு அது. இசைந்ததால் அசையாதிருந்தாள் என்று சொல்பவன் உடலின் இயல்பை அறியாதவன்.

நம் நாட்டுச் சட்டமும் இதை ஏற்றுவிட்டது. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் தண்டனைக் கோவையைத் திருத்தியபோது, எதிர்த்துப் போராடியதற்கு உடற்காயம் சான்றாக இருந்தே தீரவேண்டும் என்பதில்லை என்று எழுதி வைத்தது. சட்டப் புத்தகம் மாறி முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. நம் திண்ணைகள் மாறியதா என்பதே கேள்வி.

முதலில் கேட்பவரின் கடமை

அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சேரா உல்மன் என்னும் பேராசிரியை, பாதிக்கப்பட்ட பெண்கள் தம் துயரை வெளியிட்டபோது கேட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். பழிச்சொல்லும் அவநம்பிக்கையும் எதிர்கொண்ட பெண்களுக்கு மனவடு கடுமையாக இருப்பதை அவர் கண்டார். "நீ ஏன் அங்கே போனாய்?" என்று தாய் கேட்கும் கேள்வி, காயத்தின்மேல் விழும் இரண்டாவது வெட்டு.

ஆகவே முதற்சொல் இதுவாக இருக்கட்டும்: "நான் உன்னை நம்புகிறேன், அம்மா. தவறு உன்னுடையதன்று." அதன்பின் பாதுகாப்பான இடம் கொடுங்கள். நடந்ததைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள். அவள் சொல்ல விரும்பும் அளவுக்குச் சொல்லட்டும். தாமதமின்றி அரசாங்க வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். நோய்த்தொற்றையும் கருவுறுதலையும் தடுக்கும் மருந்துகள் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு விரைவில் கொடுக்கப்படுகின்றனவோ அவ்வளவு பயன் தரும். பெரிய வைத்தியசாலைகள் பலவற்றில் "நட்பு நிலையம்" என்னும் பிரிவு இதற்கென்றே உண்டு. பெண்களுக்கான உதவித் தொலைபேசி எண் 1938, சிறுவர்களுக்கு 1929. இவ்விரு எண்களையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

பணம் கொடுத்துச் சமரசம் செய்வதும், செய்தவனுக்கே பெண்ணைக் கட்டிவைப்பதும் தீர்ப்பென்று நினைக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு சொல். அந்தத் தீர்ப்பு குற்றவாளிக்கு விடுதலை. அவளுக்கு ஆயுள் தண்டனை.

பூட்டு காவலாகுமா?

"பெண்ணை வெளியே விடாதே, படிப்பை நிறுத்து, சீக்கிரம் கட்டிக்கொடு" என்பது நாம் அறிந்த தடுப்பு முறை. 1987இல் மேரி காஸ் என்னும் உளவியல் பேராசிரியை, அமெரிக்காவின் 32 கல்லூரிகளில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மாணவ மாணவியரிடம் செய்த ஆய்வை வெளியிட்டார். தாக்கியவன் பெரும்பாலும் பெண்ணுக்கு முன்பே தெரிந்தவன் என்று அது காட்டியது. இருட்டில் பாயும் அந்நியனுக்காகக் கதவைப் பூட்டுகிறோம். தெரிந்தவனோ பூட்டிய கதவுக்கு உள்ளே இருக்கிறான்.

பூட்டுக்குப் பதிலாக அறிவைக் கொடுத்துப் பார்த்தவர் கனடாவின் வின்ட்சர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை சார்லீன் சென். ஆபத்தை முன்கூட்டி உணர்வதற்கும், தெரிந்தவனாயினும் தயங்காது மறுப்பதற்கும், உடலால் எதிர்ப்பதற்கும் மாணவியருக்கு 12 மணி நேரம் பயிற்சியளித்தார். 893 மாணவியர் இரு பிரிவாக்கப்பட்டனர். 2015இல் வெளிவந்த முடிவின்படி, ஓராண்டுக்குள் வன்புணர்ச்சிக்கு ஆளானோர் பயிற்சி பெறாத பிரிவில் நூற்றுக்கு 9.8; பயிற்சி பெற்ற பிரிவில் 5.2. பன்னிரண்டு மணி நேரக் கல்வி ஆபத்தை ஏறக்குறையப் பாதியாக்கிற்று!

ஆனால் தடுக்கும் பாரத்தைப் பெண்ணின் தோளில் மட்டும் ஏற்றலாகாது. மலையில் நிரை பிடித்துக் கொடுப்பவன் ஆண். கொழுந்து நிறுப்பவன் ஆண். பேர் போடுபவன் ஆண். அந்த அதிகாரத்தைக் காட்டி ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னால், பக்கத்தில் நிற்கும் பத்து ஆண்கள் சிரிப்பதா, தடுப்பதா? பக்கத்தில் நிற்பவர் தலையிடப் பழக்குவதே தடுப்பின் முக்கிய வழி என்று கருதி, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அதற்கெனப் பயிற்சிகளை வகுத்துள்ளன. பாலியல் தொந்தரவு நம் தண்டனைக் கோவையின் 345ஆம் பிரிவின்படி ஐந்தாண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்பதைப் பிரட்டுக்களத்தில் வாசித்துக் காட்ட வேண்டியவர்கள் தொழிற்சங்கத் தலைவர்கள்.

மருந்து நம் கைக்கு எட்டாததா?

"மனவைத்தியம் கொழும்புக்காரர்களுக்கு, நமக்கு ஏது?" என்று கேட்பீர்கள். கொங்கோ நாட்டைப் பாருங்கள். போரால் சிதைந்த அதன் கிழக்குப் பகுதியில், வன்முறைக்கு ஆளான பெண்களுக்குக் குழுவாக அமர்ந்து பெறும் உளச்சிகிச்சையை ஆராய்ச்சியாளர்கள் அறிமுகப்படுத்தினர். அதை நடத்தியவர்கள் பட்டதாரிகள் அல்லர். ஆரம்பக் கல்விக்குமேல் சில ஆண்டுகள் படித்து, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள். 2013இல் வெளியான முடிவு வியப்புக்குரியது. சிகிச்சை முடிந்து ஆறு மாதங்களின் பின் மனச்சோர்வோ பதகளிப்போ இருந்தவர்கள், தனித்தனி ஆறுதல் மட்டும் பெற்ற பிரிவில் நூற்றுக்கு 42. குழுச்சிகிச்சை பெற்ற பிரிவில் 9.

அவ்வளவு தூரம் போவானேன்? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரால் தமிழ் மக்கள் அடைந்த உளக்காயங்களை ஆராய்ந்து 1998இல் நூலாக வெளியிட்டார். வைத்தியர் போதாத இடத்தில் ஆசிரியர்களையும் கிராமப் பணியாளர்களையும் பயிற்றி நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்லி, செய்தும் காட்டினார். வடக்கில் போரின் நடுவே முடிந்தது, ஊவாவின் மலைகளில் முடியாதா?

நாம் கேட்பவை

முதலாவது, தோட்டப் பகுதிக்குச் சேவை செய்யும் ஒவ்வொரு வைத்தியசாலையிலும் தமிழில் பேசும் உளவளத்துணையாளர் வேண்டும். மனத்தின் வலியை மொழிபெயர்ப்பாளன் வாயிலாகச் சொல்ல யாராலும் முடியாது.

இரண்டாவது, பொலிஸ் நிலையத்தில் அவள் வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க வழி வேண்டும். 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்தின்படி, அரச அலுவலரோடு தமிழில் கருமமாற்றும் உரிமை நமக்கு உண்டு. விளங்காத மொழியில் எழுதிய தாளில் அவள் ஏன் கைநாட்டு வைக்க வேண்டும்?

மூன்றாவது, பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005இல் தோன்றிவிட்டது. உளவியல் கற்பிக்கும் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து, தேயிலை மலைகளில் வாழும் பெண்களின் மனநலத்தை அவர்கள் மொழியில் ஆராயும் பணியை அது மேற்கொள்ளட்டும். ஆராய வருவோர் கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டு போய்விடாமல், நம் பெண்களைப் பணியாளராய்ப் பயிற்றி விட்டுப் போகட்டும்.

இவை அரசாங்கத்திடம் கேட்பவை. உங்களிடம் கேட்பது ஒன்றுதான். படித்தவர்களே, உழவர்களே! நாளை உங்கள் வாசலில் ஒரு பெண் வந்து நின்று, வாய் திறக்க முடியாமல் தவித்தால், அவளை நம்புங்கள். நம்பியபின் அவளோடு வைத்தியசாலைக்கும் பொலிசுக்கும் நீதிமன்றத்துக்கும் துணை செல்லுங்கள். பத்துப் பேர் அவள் பின்னே நின்றால் அவள் தலை நிமிரும். செய்தவன் தலை தானே குனியும். வெட்கம் உரியவனைச் சென்று சேரட்டும்.