சிறிதாய்ச் செய்வோம், முடித்து வெளியிடுவோம்



நம்மில் ஆடுபுலி ஆட்டம் அறியாதார் யார்? 3 புலிகள், 15 ஆடுகள். தனித்த ஆடு இரையாகும்; கூடிநின்ற ஆடுகள் புலியை நகரவொட்டாமல் அடைத்துவிடும். 23 புள்ளிகள், நகரும் விதி, வெட்டும் விதி, வெற்றி விதி ஆகியவற்றை நிரலாக எழுதினால் அதுவே ஒரு கணினி விளையாட்டு.

பெருநிறுவனத்தார்க்கே இத்தொழில் உரியதன்று. டொராண்டோ நகரின் விசை கேம்ஸ் என்னும் சிறு குழு, கனடாவில் குடியேறிய தமிழ்த் தாயொருத்தியின் சமையலைக் கதையாக்கி, 2023இல் 'வெண்பா' என்னும் விளையாட்டை வெளியிட்டது. ஓரிரு மணி நேரத்தில் ஆடி முடிக்கத்தக்க அப்படைப்பு, 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருது பெற்றது.

கருவிக்குப் பொருள் வேண்டுமோ? கோடோ என்னும் மென்பொருள் 2014 முதல் திறந்த மூலமாக விலையின்றிக் கிடைக்கிறது. ஸ்டீம் தளத்தில் வெளியிட, விளையாட்டொன்றுக்கு 100 டாலர் கட்டணம்; இட்ச் தளத்திலோ கட்டணமில்லை. வாயில்தோறும் முதலில் குலம் கேட்கப்பட்ட நமக்கு, அது கேளாத வாயில் இது. ஆடிப்பார்ப்போர் குறை சொல்வர். திருத்தி மீண்டும் வெளியிடுவதே கல்வி.

உடனே வருவாய் வருமென மயங்க வேண்டா. படிப்பையும் விட வேண்டா. தொடங்கிவிட்ட நூறினும் முடித்த ஒன்றே மேல். ஏலாக்குறிச்சி இளைஞர்க்கு நம் சங்கம் மாலைதோறும் ஒரு கணினியைத் திறந்துவைக்கட்டும். பிறர் ஆக்கியதை ஆடியே பழகிய நாம், அடுத்த ஆண்டு விழாவில் நாமே ஆக்கியதைப் பிறர் ஆடத் தருவோம்.