மரத்துக்குள் எழுதிய பெயர்கள்

(இணையவழி இலக்கியச் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அமெரிக்காவில் காலைக் காபியோடு இருப்பவர்களுக்கும், சிங்கப்பூரில் தூக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்பவர்களுக்கும் நன்றி. மருத்துவமனை அனுபவங்களைப் பேசச் சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். அதையெல்லாம் கதைகளில் எழுதிக்கொண்டுதானே இருக்கிறேன், இன்றைக்கு எலெக்ட்ரிக் கிட்டாரைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சரி என்றார்கள்.

நான் இருப்பது இங்கிலாந்தில். மூன்று வருடமாக, டியூட்டி இல்லாத நாட்களில் ஒரு கிட்டார் பட்டறைக்குப் போகிறேன். பட்டறை என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு கார் நிற்கும் கொட்டகை, அவ்வளவுதான். நடத்துபவர் எழுபது வயதைத் தாண்டியவர். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் மாஸ்டர் என்றே சொல்கிறேன். வார்னிஷும் ஈயப்புகையும் கலந்த வாசம் முதல் நாளே எனக்குப் பிடித்துப்போய்விட்டது. ஆஸ்பத்திரி வாசத்துக்கு அது நல்ல மாற்று.

எலெக்ட்ரிக் கிட்டாரைத் திறந்து பார்த்தால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். உள்ளே அதிகமாக ஒன்றுமில்லை. மரத்தில் குடைந்த ஒரு குழி, அதில் சில வயர்கள், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு மூன்று திருகிகள், ஒரு கெபாசிட்டர். கம்பிகளுக்கு அடியில் பிக்கப். காந்தத்தைச் சுற்றித் தலைமுடி அளவு மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். மேலே உலோகக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, சுருளில் மிகச் சிறிய மின்சாரம் பிறக்கிறது. அதைத்தான் ஆம்ப்ளிஃபையர் பெரிதாக்குகிறது. நெஞ்சில் ஒட்டும் ஈசிஜி லீடு எடுத்துவரும் மின்சாரமும் சிறியதுதான். அதனால் இந்தப் பகுதி எனக்குச் சீக்கிரம் புரிந்தது.

லியோ ஃபெண்டர் 1938இல் கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டவர். கடைசிவரை கிட்டார் வாசிக்கக் கற்றுக்கொள்ளாதவர். ரிப்பேர்காரரின் புத்தியோடுதான் கிட்டார் செய்தார். கழுத்தை உடலோடு ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் பூட்டினார். கெட்டுப்போனால் கழற்றிவிட்டு வேறு மாட்டிக்கொள்ளலாம். இன்று உலகம் முழுக்கச் சின்னச் சின்னப் பட்டறைகள் பிழைப்பது அந்த நான்கு திருகாணிகளால் என்றுகூடச் சொல்லலாம்.

நான் சொல்ல வந்தது அந்தத் திருகாணிகளைக் கழற்றினால் தெரிவதைப் பற்றி. பழைய ஃபெண்டர் கிட்டார்களில் கழுத்தின் அடிப்பாகத்தில் பென்சிலால் தேதி எழுதியிருக்கும். சிலவற்றில் டி.ஜி. என்ற இனிஷியலும் இருக்கும். டாடியோ கோமஸ் என்ற தொழிலாளி போட்டது. 1954இல் வந்த முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் சிலவற்றின் குழிக்குள் காகித டேப் ஒட்டி ‘மேரி’ என்றும் ‘குளோரியா’ என்றும் எழுதியிருக்கிறது. வயர்களைப் பற்றவைத்த பெண்கள். அபிகெயில் இபாரா என்ற அம்மா 1950களில் அந்த ஆலையில் சேர்ந்து 2013இல் ஓய்வுபெற்றார். அவர் கையால் சுற்றிய பிக்கப்புகளை இன்று தேடி அலைகிறார்கள். மேடையில் அந்தக் கிட்டாரை வாசித்தவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். மேரியின் பெயர் தெரிய வேண்டுமென்றால் கிட்டாரைக் கழற்ற வேண்டும்.

நைட் டியூட்டி முடித்துப் போகும் நர்ஸ் சார்ட்டில் இனிஷியல் போட்டுவிட்டுத்தான் போவாள். நோயாளி குணமாகி வீட்டுக்குப் போகும்போது அவளை நினைக்க மாட்டார், நினைக்க வேண்டியதும் இல்லை. ஆனால் அந்தத் தாளைக் கிழித்துப்போட யாருக்கும் உரிமை கிடையாது. பழைய கிட்டாரைப் புதுப்பிப்பவர்களிடம் எனக்கு இருக்கும் சண்டை இதுதான். சிலர் பழைய பெயிண்டைச் சுரண்டிப் பளபளவென்று ஆக்கி, குழியையும் தேய்த்துச் சுத்தம் செய்துவிடுகிறார்கள். பெயிண்ட் மாற்றிய பழைய கிட்டார் பாதி விலைக்குத்தான் போகும் என்பது இந்தத் தொழிலில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. விலை போகட்டும், மேரி போய்விடுகிறாளே.

இதில் நான் வியந்து பார்க்கும் ஒரு வேலை உண்டு. குயீன் குழுவின் பிரையன் மே வாசிக்கும் ‘ரெட் ஸ்பெஷல்’. ஹீத்ரோவில் இறங்கியவர்களுக்கு ஃபெல்தம் பக்கத்து ஊர். 1963இல் அங்கே ஒரு பள்ளி மாணவனும் அவனுடைய அப்பாவும் வீட்டிலேயே அந்தக் கிட்டாரைச் செய்யத் தொடங்கினார்கள். கழுத்து, பழைய கணப்பு அடுப்பின் மேல்பலகையிலிருந்து வந்தது. அதில் பூச்சி அரித்த ஓட்டைகளைத் தீக்குச்சியால் அடைத்தார்கள். ஸ்பிரிங்குகள் பழைய மோட்டார் சைக்கிளுடையவை. கழுத்தில் பதித்த வெள்ளைப் புள்ளிகள், அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். முப்பது வருடத்துக்கு மேல் மேடையில் அடிபட்ட பிறகு, 1998இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கிரெக் ஃபிரையர் அதைப் பழுதுபார்த்தார். அவர் ஏற்கெனவே அதை அளந்து 3 பிரதிகள் செய்து முடித்திருந்தவர். அசலில் கைவைக்கும் முன் மூன்று முறை செய்து பழகிய கை! எங்கள் டிப்ளமோ நாட்களில் ஆரஞ்சுப் பழத்தில் ஊசி போட்டுப் பழகியது நினைவுக்கு வந்தது.

இனி என் தம்பியின் கிட்டார். நாகர்கோவில் பக்கம் எங்கள் சபையின் கொயரில் வாசித்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கியது, பெரிய கம்பெனிப் பெயரெல்லாம் இல்லை. 2009இல் தம்பி இறந்த பிறகு அம்மா அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார்கள். அம்மாவும் போன பிறகு, 2022இல் நான் இங்கே கொண்டுவந்தேன். பட்டறைக்கு நான் போக ஆரம்பித்ததே அதைத் தூக்கிக்கொண்டுதான்.

கடல் காற்றில் கம்பிகள் துருவேறி, அவற்றின் இழுப்பில் கழுத்து வளைந்திருந்தது. கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது, அதன் முனையைத் திருகினால் வளைவு நிமிரும். மாஸ்டர் கால் சுற்றுத் திருகிவிட்டு, அடுத்த வாரம் வா என்றார். அடுத்த வாரம் இன்னொரு கால் சுற்று. மரத்துக்கு அவசரம் ஆகாதாம். பலகை ஈட்டி மரம் என்று அவர் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரேசில் மரம் கிடைப்பது அரிதான பிறகு உலகத்துக் கிட்டார்களில் பாதிக்கு மேல் கண்ணில் படுவது நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டியோ என்று இப்போது எதைப் பார்த்தாலும் தோன்றுகிறது.

பின்பக்க மூடியைக் கழற்றினோம். உள்ளே பழைய ரேடியோவிலிருந்து பிடுங்கிய ஒரு கெபாசிட்டர். பக்கத்தில் பென்சிலால், ‘கேரல் 1998. டோன் மாற்றியது’. தம்பியின் கையெழுத்து. ‘ற்’றுக்கு அவன் புள்ளி வைக்கவே மாட்டான், இங்கே வைத்திருந்தான்.

வாசித்தால் கரகரவென்று வந்த சத்தத்துக்குக் காரணமும் அவன்தான். அவன் வைத்த ஈயப்பற்று சரியாக உருகிப் பிடிக்காமல், பளபளப்பு இல்லாமல் மங்கலாக, மணல் மணலாக நின்றது. மாஸ்டர் என்னைப் பார்த்தார். “இது போயாக வேண்டும். நான் எடுக்கவா, நீ எடுக்கிறாயா?” என்றார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போகிறேன் என்றால் தொட வேண்டியதில்லை. ஆனால் அது வாசிப்பதற்காக அவன் வாங்கியது. நான்தான் எடுத்தேன். தையல் பிரிக்கும்போது கை நடுங்காத எனக்கு அன்றைக்கு இரண்டு முறை கருவியைக் கீழே வைக்க வேண்டியிருந்தது. கெபாசிட்டர் நன்றாகவே இருந்ததால் அதையே மறுபடி பற்றவைத்தேன். எடுத்த பழைய ஈயத்தைச் சின்ன உறையில் போட்டு, தேதி எழுதிக் கிட்டார் பெட்டிக்குள் வைத்தார் மாஸ்டர். கழற்றிய பழைய பாகம் எதையும் அவர் வீசமாட்டார், கிட்டாரோடேயே அனுப்பிவிடுவார். பென்சில் எழுத்தை நாங்கள் தொடவில்லை. வலது முழங்கை தேய்த்துத் தேய்த்துப் பெயிண்ட் போன இடத்தையும் அப்படியே விட்டோம்.

இப்போது அதை வாசிப்பது பதினாறு வயதான என் மகள். பிரச்சினையும் அங்கேதான். பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒற்றைச் சுருள் பிக்கப் இரைகிறது, இரட்டைச் சுருள் ஹம்பக்கர் வேண்டும் என்கிறாள். இரண்டு சுருளையும் எதிரெதிராக அமைப்பதால் கரண்டின் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். அவள் சொல்வது சரிதான். ஆனால் ஹம்பக்கர் அகலமானது, குழியை இன்னும் குடைய வேண்டும். குடைந்த மரம் திரும்பி வராது. எடி வான் ஹாலன் 50 டாலர் உடலை வாங்கி உளியால் கொத்தித்தானே தன் கிட்டாரைச் செய்தார் என்று பதில் வைத்திருக்கிறாள். “மாமாவும் மாத்தினாங்கல்ல?” என்று கேட்கிறாள்.

மாமா மாற்றினார்தான். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. மாஸ்டரைக் கேட்டால், குடும்ப விஷயத்தில் தலையிட மாட்டேன் என்று சிரிக்கிறார். அடுத்த சனிக்கிழமை எனக்கு லீவு. மூன்று பேரும் பட்டறையில் உட்கார்ந்து, ஓர் அட்டையில் ஹம்பக்கரின் அளவை வெட்டி, மரத்தின் மேல் வைத்துப் பார்க்கப் போகிறோம். எழுத்து இருக்கும் பக்கம் எவ்வளவு மிஞ்சும் என்று பார்க்க வேண்டும்.