தாய்மொழியிற் பேசிய இளவரசி



பசுபிக் மாகடலின் நடுவே அமைந்த ஹவாய்த் தீவுகளில், 19ஆம் நூற்றாண்டில், அரசகுல மங்கை ஒருவர் வாழ்ந்தார். ஆங்கிலத்தை அவர் விளங்கிக்கொள்வார்; ஆனாற் பேசமாட்டார். அவரைக் காண வந்தவர் எத்துணைப் பெரியவராயினும் ஹவாய் மொழியிற் பேசவேண்டும். அன்றேல் துபாஷி ஒருவரை உடனழைத்து வரவேண்டும். அவர் பெயர் ரூத் கேயெலிகோலானி. அவ்வம்மையாரின் வாழ்க்கையைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

ரூத் 1826ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் 9ஆந் திகதி பிறந்தார். அவரைப் பெற்றெடுத்த அன்னை பிரசவத்திலேயே உயிர் நீத்தார். தீவுகளையெல்லாம் ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த முதலாம் கமேஹமேஹா மன்னரின் தேவியாகிய காஹுமானு, அக் குழந்தையை வளர்த்தார். அவரும் 1832இல் மறைந்தார்.

இழப்புக்கள் அத்துடன் நின்றுவிடவில்லை. 1778இல் குக் என்னும் மாலுமி வந்திறங்கிய பின்னர், அத் தீவுகள் முன்னறியாத நோய்கள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் பரவின. 1848இற் பரவிய சின்னமுத்து ரூத்தின் கணவரைக் கொண்டு சென்றது. 1859இல் மகன் இறந்தான். பின்னர் அருமையாக வளர்த்த தத்துப் புதல்வனும் 1877இல் மாண்டான்.

அதே 1848ஆம் ஆண்டில், தீவுகளின் நிலம் மன்னருக்கும் குலத்தலைவர்களுக்கும் எனப் பிரிக்கப்பட்டுத் தனியுடைமையாயிற்று. உற்றார் ஒவ்வொருவராய் மறைய, அவர்தம் நிலங்கள் எஞ்சியிருந்த ரூத்திடம் வந்து சேர்ந்தன. முடிவில் ஏறத்தாழ 353,000 ஏக்கர் அவருக்கு உரியதாயிற்று. அத் தீவுகளிலே அவரைப்போல் நிலம் படைத்தவர் மிகச் சிலரே. ஆயினும் அச் செல்வத்தின் பெரும்பகுதி மரணங்களின் வழியாக வந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

1855 முதல் 1874 வரை அவர் ஹவாய் என்னும் பெருந்தீவின் தேசாதிபதியாக இருந்தார். கைலுவாவில் அவருக்குக் கல்லாற் கட்டிய மாளிகை ஒன்று இருந்தது. அவரோ அதன் அருகே புல்வேய்ந்த குடிலிலேயே உறங்குவார். ஆறடி உயரமும் பருத்த உடலும் இடிபோன்ற குரலும் உடையவர். அந்நிய எழுத்தாளர் சிலர் அவ்வுருவத்தை எள்ளி எழுதினர். அவர் பேசிய மொழியை அறியாதார்க்கு, கண்ணாற் கண்டதையன்றி வேறு என்ன எழுத முடியும்?

1880ஆம் ஆண்டின் இறுதியில் மவுனா லோவா எரிமலை வெடித்தது. அடுத்த ஆண்டு நடுப்பகுதியில் அதன் தீக்குழம்பு ஹீலோ நகரை நெருங்கியது. நகர மாந்தர் அஞ்சி நடுங்கினர். ரூத் ஹொனலூலுவிலிருந்து கப்பலேறி அங்கு சென்றார். எரிமலைத் தெய்வமாகிய பெலேயை முன்னோர் முறைப்படி வழிபட்டு, செம்பட்டுக் கைக்குட்டைகளும் பிராந்தியும் காணிக்கையாக இட்டார் என்பர். சில நாட்களில் தீக்குழம்பு நகருக்கு அணித்தே நின்றுவிட்டது. அது வழிபாட்டின் பயனோ இயற்கையின் போக்கோ, அவரவர் நம்பிக்கைக்கு விட்டுவிடுவோம். தம் மக்கள் அஞ்சியபோது அவர் அவர்களிடையே சென்று நின்றார் என்பது மட்டும் உறுதி.

1883ஆம் ஆண்டு மே மாதம் 24ஆந் திகதி, கைலுவாவில், அந்தப் புற்குடிலிலேயே அவர் காலமானார். அவர் ஆதனம் மரணசாசனப்படி உறவினராகிய பெர்னிஸ் பவாஹி பிஷப் அம்மையாரைச் சேர்ந்தது. அடுத்த ஆண்டே மறைந்த பவாஹி, தம் நிலத்தின் வருவாயைக் கொண்டு பாடசாலைகள் நிறுவுமாறு எழுதிவைத்தார். அவ்வாறெழுந்த கமேஹமேஹா பாடசாலைகளில் ஆண்களுக்குரியது 1887இலும் பெண்களுக்குரியது 1894இலும் திறக்கப்பட்டன.

இங்கே ஒரு வருந்தத்தக்க முரண்பாட்டைக் காண்கின்றோம். ரூத்தின் நிலத்தால் வளம்பெற்ற அப் பாடசாலையில் ஆங்கிலமே ஆட்சி செய்தது. பிள்ளைகள் தாய்மொழி பேசுவது தடுக்கப்பட்டது. 1893இல் லிலியுவோகலானி அரசியார் முடியிழந்தார். 1896ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலத்தையே போதனாமொழியாக்கியது. 1898இல் தீவுகள் ஐக்கிய அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டன. பாட்டன் பேசிய மொழி பேரனுக்கு விளங்காத காலம் வந்தது. நிலத்தை மரணசாசனத்தால் வழங்கிவிடலாம். மொழியை அவ்வாறு வழங்க இயலாது. அது நாவிலிருந்து நாவுக்கே செல்லவேண்டும்.

ஆயினும் கதை அவ்வளவில் முடியவில்லை. 1978இல் ஹவாய் மொழி மீண்டும் அரசகரும மொழியாக ஏற்கப்பட்டது. 1984இல் அம் மொழியிலேயே பேசிப் பழக்கும் பாலர் பள்ளி தொடங்கியது. 1987இல் அரசாங்கப் பாடசாலைகளிலும் அம் மொழிவழிக் கல்வி ஆரம்பமாயிற்று. அதன்பின் 1997இல் சர்வகலாசாலையிலே ஹவாய் மொழிக்கென ஒரு கல்லூரி நிறுவப்பட்டது. அதற்குச் சூட்டிய பெயர் கேயெலிகோலானி என்பதே. அக் கல்லூரி அமைந்த ஊரோ, அன்று தீக்குழம்புக்கு எதிரே அவர் சென்று நின்ற அதே ஹீலோ நகரம்.

துபாஷியின்றி அவரோடு உரையாடக்கூடிய இளைஞரை இன்று அந்நகரிற் காணலாம்.